ஆஷாட வெள்ளிக்கிழமை மேட்னி

மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் ஆனா எங்க வீட்டு ஹால்ல ஏழு கிழவனுங்க உட்கார்ந்து பாட்டுப் பாடி அழுவாங்க. கிழவனுங்கன்னு சொல்லக் கூடாதுதான், அதுல ஒருத்தரு எங்க வீட்டுக்காரரு. ஆனா வேற எப்படிச் சொல்றது. எல்லாரும் பென்ஷன்காரங்க. எல்லாரும் மைசூர்லயே பொறந்து வளர்ந்த தமிழங்க. ஆளாளுக்கு விஜயநகர்ல ஒரு சைட்டு வாங்கி, வீடு கட்டி, வாசல்ல காரை நிறுத்தி, அதுக்கு உறை போட்டு மூடி வெச்சிருக்கறவங்க. ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ரெண்டு மைக், போன்ல கரோக்கி. பாடறது பழைய தமிழ் சினிமாப் பாட்டு மட்டும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு வருஷத்தைக் கோடு போட்டு வெச்சிருக்காங்க, அதுக்கு அப்புறம் வந்த பாட்டு ஹாலுக்குள்ள நுழையக் கூடாது. அது எந்தக் கணக்குல வந்த வருஷம்னு எனக்கு ரொம்ப நாளாப் புரியல. அப்புறம் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, ஏழு பேருக்கும் தலைமுடி கொட்ட ஆரம்பிச்சது ஏறக்குறைய அந்த வருஷம்தான்.

அவங்க வாயில அடிக்கடி வர்ற பேச்சு, "தமிழ்னா அந்தக் காலத்துப் பாட்டுல இருந்துச்சே, அதுதான் தமிழு." சொல்லிட்டு நோட்டைப் பிரிப்பாங்க. நோட்டுல இருக்கறது பூராக் கன்னட எழுத்து. ஏழு பேரும் கன்னட மீடியம், தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூட வராது. தமிழ்ப் பாட்டைக் கன்னடத்துல எழுதி வெச்சுக்கிட்டு, அதைப் பார்த்துப் பாடி, இப்ப வர்ற பசங்களுக்குத் தமிழே தெரியலைன்னு கண்ணைத் துடைச்சுக்குவாங்க. அந்த வீட்டுல தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கற கௌதள்ளிக்காரின்னாலும் மேட்டூர்ல அத்தை வீட்டுல தங்கி எட்டாவது வரைக்கும் படிச்சவ. அந்நேரத்துக்கு நான் அடுப்படியில மொளகா பஜ்ஜி போட்டுட்டு இருப்பேன்.

"இப்ப வர்றதெல்லாம் பாட்டா, தகர டப்பாவைப் படியில உருட்டி விட்ட மாதிரி" அப்படிம்பாரு ஒருத்தரு. மத்த ஆறு பேரும் தலையாட்டுவாங்க. எனக்குச் சிரிப்பா வரும். எங்க மாமனாரு இருந்தப்ப, இதே பாட்டு ரேடியோவுல வந்தா எந்திரிச்சுப் போய் நிறுத்திட்டு வருவாரு. "சனியன் புடிச்ச சத்தம், பாகவதருங்க பாடின காலத்தோட பாட்டுப் போச்சு" அப்படின்னு சொல்லுவாரு. அவரு பிள்ளைதான் இன்னைக்கு அந்தச் சனியன் புடிச்ச சத்தத்துக்குக் கண்ணீர் விடறது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கேக்கத் தெரியாதவனுக்குக் காலம் கோணல்.

இதெல்லாம் போகட்டும், பாடறாங்க, அழறாங்க, பஜ்ஜி தின்னுட்டுப் போறாங்க. என்னைக் குத்தறது வேற ஒண்ணு. கடைசியில எங்க வீட்டுக்காரரு மைக்கைப் பிடிச்சு ஒரு கதை சொல்லுவாரு. ஒவ்வொரு மாசமும், ஒரு எழுத்து மாறாம.

"கல்யாணம் ஆன புதுசு. ஆஷாட வெள்ளிக்கிழமை. காலையில நானும் இவளும் ஆயிரம் படியும் ஏறி சாமுண்டியைக் கும்பிட்டோம். இறங்கி வந்து மத்தியானம் நேரா மேட்னி, பால்கனி டிக்கெட். இந்தப் பாட்டு வந்துச்சு பாருங்க, இவ என் தோள்ல சாஞ்சு ஒரே அழுகை. பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்க்கறான். இன்னைக்கு எந்தப் படத்துலயாவது அப்படி ஒரு பாட்டு இருக்கா?" கேட்டுட்டு அந்தப் பாட்டைப் பாடுவாரு. பாடும்போது அடுப்படிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துக் கையை நீட்டுவாரு. எல்லாரும் கை தட்டுவாங்க.

நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

அவரோட போகலைன்னு மட்டும் இல்லை, யாரோடயும் போய்ப் பார்க்கல. எங்க மாமியாரு மைசூர்லயே பொறந்தவங்க. புது மருமக ஆஷாடத்துல புருஷன் வீட்டுல இருக்கக் கூடாது, மாமியாரும் மருமகளும் ஒரே வாசலைத் தாண்டக் கூடாதுன்னு இங்க கன்னடத்துக்காரங்க வழக்கம். அதை எங்க மாமியாரு பிடிச்சுக்கிட்டாங்க. தமிழங்க ஆடி மாசத்துல பொண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவாங்க. அதையும் விட மாட்டாங்க. கன்னடத்து ஆஷாடம் முன்னாடியே பொறந்துரும், நம்ம ஆடி அதுக்கப்புறமும் நீளும். ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு என்னைக் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் கௌதள்ளிக்கு அனுப்பிட்டாங்க. ஆஷாடத்தோட நாலு வெள்ளிக்கிழமையும் நான் எங்க அப்பா வீட்டுல ராகிக் கொல்லையில களை புடுங்கிட்டு இருந்தேன்.

கேக்கிறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. இந்த ஊர்ல சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆஷாடத்துல புதுப் பொண்ணு புருஷனோட இருக்க மாட்டான்னு. ஏழு பேருல ஒருத்தருக்கும் அது உறைக்கல. எப்படி உறைக்கும், ஒருத்தரு பேசும்போது மத்தவங்க காதுல வாங்கறதில்லை, தன் முறை எப்ப வரும்னு நோட்டைப் புரட்டிட்டு இருப்பாங்க.

முதல் தடவை அவரு இதைச் சொன்னது எங்க பொண்ணோட முதல் பிறந்தநாள் அன்னைக்கு, விருந்தாளிங்க முன்னாடி. ஏதோ பெருமைக்குச் சொல்றாருன்னு விட்டுட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு. ரெண்டாவது தடவை, மூணாவது தடவை, அப்படியே கெட்டிப்பட்டுப் போச்சு. ஒருநாள் தனியா இருந்தப்ப சொன்னேன், "ஏனுங்க, நான் வரவே இல்லைங்களே, எங்க ஊர்லதான இருந்தேன்." அவரு பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம, "உனக்கு அப்பவே ஞாபகசக்தி கம்மி" அப்படின்னாரு.

அன்னைக்கு உள்ளுக்குள்ள விழுந்த கோவம் இன்னும் இறங்கல. எனக்கு நகை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நீ அங்க இல்லைன்னு அந்த மனுஷன் வாயால ஒரு தடவை சொன்னாப் போதும்னு இருந்தேன். இல்லாத இடத்துல என்னை உட்கார வெச்சு, அழ வெச்சு, அதுக்கு ஊரைக் கை தட்ட வெச்சா, நான் இருந்த இடத்துக்கு என்ன மதிப்பு?

அந்தப் பாட்டு எனக்குத் தெரியும், அதையும் சொல்லணும். ஆடியில எங்க ஊர் மாரியம்மன் கோயில்ல மைக் செட் கட்டுவாங்க. அந்த வருஷம் பொழுது விடிஞ்சா அடைஞ்சா அதே பாட்டுதான். களத்துல நின்னு கேட்டுட்டு, மைசூருக்குத் திரும்பினதும் அவரோட போய்ப் பார்க்கணும்னு நாளை எண்ணிட்டு இருந்தேன். வயசு இருபத்திரெண்டு, ஆசை இருக்காதா? திரும்பி வந்து மெதுவா வாயைத் திறந்தேன். "அந்தப் படத்தைத் தூக்கிட்டாங்களே" அப்படின்னுட்டு குளிக்கப் போயிட்டாரு. அதுக்கப்புறம் பொண்ணு, பையன், மாமியாரு படுக்கை, மாமனாரு படுக்கை. தியேட்டர் வாசல்ல கால் வைக்க எனக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பொற்காலம் பொற்காலம்னு சொல்றாங்களே, அந்தப் பொற்காலத்துல நான் ரெண்டு வேளை களி கிண்டிட்டு இருந்தேன்.

என்னை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனது எதிர் வீட்டுக் கன்னடத்து அம்மா. டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, தனியா இருக்காங்க. "ஏன் சும்மா உட்கார்ந்திருக்கீங்க, பன்னி" அப்படின்னு ஒரு வெள்ளிக்கிழமை கையைப் பிடிச்சு ஆட்டோவுல ஏத்திட்டாங்க. (பன்னின்னா கன்னடத்துல வாங்கன்னு அர்த்தம், தமிழ்நாட்டுக்காரங்க சண்டைக்கு வந்துராதீங்க.) அன்னையில இருந்து வெள்ளிக்கிழமை காலைக் காட்சி எங்களோடது. ஒரு வாரம் கன்னடப் படம், ஒரு வாரம் தமிழ்ப் படம். தமிழ்ப் படத்துல அவங்களுக்குப் பாதி புரியாது, நான் காதுக்குள்ள சொல்லுவேன்.

இப்ப வர்ற படமெல்லாம் தங்கம்னு நான் சொல்ல வரல. பாதிக்கு மேல குப்பை. ஒருத்தன் இருபது பேரை வெட்டறான், வெட்டி முடிச்சதும் நடந்து வர்றான், நடந்து வர்றதுக்கு ஒரு பாட்டு. பாட்டுல என்ன சொல்றான்னு எட்டாவது படிச்ச எனக்கும் புரியாது. ஆனா மேளம் அடிக்கும்போது வயித்துக்குள்ள வந்து இடிக்கும் பாருங்க, அது எனக்குப் பிடிக்கும். காலு தானா ஆடும். ஒரு படத்துல ஒரு பொம்பளை சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போறா. இப்பத் திரும்பி வருவா, இப்பக் கால்ல விழுவான்னு நான் கடைசி வரைக்கும் பயந்துட்டே இருந்தேன். அவ வரவே இல்லை. படம் முடிஞ்சு லைட்டுப் போட்டதும் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவே இல்லை.

வீட்டுல வந்து அதைச் சொன்னேன். ஹால்ல இருந்த கூட்டம் சிரிச்சுது. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" அப்படின்னாரு எங்க வீட்டுக்காரரு. அந்த மாசம் பஜ்ஜியில உப்புப் போடல. ஏழு பேரும் தின்னாங்க, ஒருத்தருக்கும் தெரியல. பழைய காலத்து ருசி பத்திப் பேசிட்டே தின்னாங்க.

இந்த வருஷம்தான் கூத்து நடந்துச்சு. இப்ப ஒரு பழக்கம் வந்திருக்கு, பழைய படத்தை எடுத்துக் கழுவித் துடைச்சு மறுபடியும் ரிலீஸ் பண்றாங்க. அதுல இந்தப் படமும் வந்து சேர்ந்துச்சு, எங்க மால்லயே. கூட்டம் துள்ளுச்சு. ஒரு வரிசை பூரா பிடிச்சாங்க, வீட்டுப் பொம்பளைங்களோட. எங்க வீட்டுக்காரரு ரெண்டு டிக்கெட்டை போன்ல காட்டி, "அதே படம், அதே மாதிரி நாம ரெண்டு பேரும்" அப்படின்னாரு.

முடியாதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா உள்ள இருக்கிற அந்த இருபத்திரெண்டு வயசுக்காரி விடல. போனேன், பட்டுச் சேலை கட்டிட்டுப் போனேன். வெட்கம் கெட்டவ.

மால்ல தியேட்டருக்கு வெளிய எல்லாரும் நின்னுட்டு இருந்தோம். கூட்டத்துல ஒருத்தரோட மருமக, கன்னடத்துப் பொண்ணு, கல்யாணம் ஆகி அஞ்சாறு மாசம்தான் இருக்கும். போன்ல எல்லாரையும் வீடியோ எடுத்துட்டு இருந்தா. எங்க வீட்டுக்காரருக்குக் கேமராவைக் கண்டா விடுவாரா, ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பொண்ணுக்காகக் கன்னடத்துல சொன்னாரு. ஆஷாட வெள்ளிக்கிழமை, ஆயிரம் படி, பால்கனி, தோள்ல சாஞ்சு அழுகை.

அவ போனை இறக்கிட்டா. கேட்டா, அதுவும் குத்தணும்னு இல்லை, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா. "ஆஷாடதல்லி ஆண்ட்டி தவருமனெகெ ஹோகிர்லில்வா அங்கிள்?" ஆஷாடத்துல ஆண்ட்டி தாய் வீட்டுக்குப் போகலையான்னு. "என்னை அனுப்பிட்டாங்களே, இப்பத்தான் வந்தேன்" அப்படின்னு சேர்த்துச் சொன்னா.

முப்பத்தஞ்சு வருஷத்துல அந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆளு அவதான்.

எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. "இல்லைம்மா, அந்த வருஷம் நாங்க அனுப்பல" அப்படின்னாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற சிரிப்பு.

"அனுப்புனீங்க" அப்படின்னேன் நான். "உங்க அம்மா ஆஷாடத்துக்கும் அனுப்புனாங்க, ஆடிக்கும் அனுப்புனாங்க. ரெண்டு மாசம். பஸ் ஏத்தி விட்டது நீங்கதான்."

அவரு என்னைப் பார்த்தாரு. திட்டப் போறாருன்னு நினைச்சேன். திட்டல. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. "அப்பப் பக்கத்துல இருந்தது யாரு?" அப்படின்னு என்னையே கேட்டாரு.

"எனக்கெப்படித் தெரியும், நான்தான் அங்க இல்லையே."

மத்த பொம்பளைங்க ஆறு பேரும் ஒரே நேரத்துல கைப்பைக்குள்ள எதையோ தேடினாங்க. உள்ள விடறாங்கன்னு யாரோ சொல்ல, எல்லாரும் போய் உட்கார்ந்தோம்.

படத்தைப் பத்தி என்ன சொல்ல. முதல் அரை மணி நேரத்துலயே ஹீரோ அந்தப் பொண்ணைக் கன்னத்துல அறையறான். திமிராப் பேசினாளாம். அறை வாங்கினதும் அவளுக்கு அவன் மேல காதல் வந்துருது. அவங்க அம்மாவும் அதைப் பார்த்துட்டு, இவன்தான் என் பொண்ணை அடக்க ஏத்தவன்னு சந்தோஷப்படறா. எங்க வரிசையில கிழவனுங்க விசில் அடிக்கிறாங்க, அறைக்கு. இதுக்கா நான் மாரியம்மன் கோயில் களத்துல நின்னு நாளை எண்ணினேன்? களத்துல நின்ன அந்த இருபத்திரெண்டு வயசுப் புள்ளையை நினைச்சா எனக்கே பாவமா இருந்துச்சு. இவங்க எல்லாரும் சேர்ந்து அவளுக்குக் காட்டாம வெச்சிருந்தது இவ்வளவுதானா.

பாட்டு வந்துச்சு. பாட்டு நல்ல பாட்டு, அதை மறுக்க மாட்டேன். அது எனக்கு எங்க ஊர்க் களத்துல காத்துல விட்டு விட்டுக் கேட்டப்ப இன்னும் நல்லா இருந்துச்சு. வரிசை பூரா மூக்கு உறிஞ்சற சத்தம். எங்க வீட்டுக்காரரு மட்டும் அழல, திரையையும் பார்க்கல. மடியில கையை வெச்சுக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தாரு.

"நீ வரலதான்" அப்படின்னாரு மெதுவா. "தனியாத்தான் போனேன். பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. நீ இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுட்டே பார்த்தேன். அம்மாகிட்ட, அனுப்ப வேண்டாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அது அப்படியே நடந்த மாதிரி ஆயிருச்சு."

முப்பத்தஞ்சு வருஷம் இந்த வார்த்தைக்குத்தான் காத்துட்டு இருந்தேன். வந்துருச்சு. வேற ஒருத்தியா இருந்தா அந்த இடத்துலயே உருகிப் போயிருப்பா. இல்லாதவளை இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார வெச்சுட்டாரே, என்ன அன்புன்னு. எனக்கும் மனசு இளகுச்சு, பொய் சொல்ல மாட்டேன். அதோட சேர்ந்து கோவமும் வந்துச்சு. இல்லாத பெண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறது சுலபம். அவளுக்கு டிக்கெட் வேண்டாம், அம்மாகிட்ட அனுமதி வேண்டாம், நேரம் ஆச்சுன்னு கிளம்பச் சொல்ல மாட்டா. சொன்ன இடத்துல அழுவா. இருக்கிற பெண்டாட்டி கௌதள்ளியில களை புடுங்கிட்டு இருக்கா, அவளுக்கு ஒரு கடுதாசி போடக்கூட அந்த மனுஷனுக்குத் தோணல. திரும்பி வந்து கேட்டப்ப, படத்தைத் தூக்கிட்டாங்கன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனாரு. படம் முடியற வரைக்கும் பாப்கார்ன் தின்னேன்.

அடுத்த ரெண்டாவது சனிக்கிழமை கூட்டம் வந்துச்சு. கடைசியில யாரோ மைக்கை நீட்டினாங்க. அவரு வாங்கல, தொண்டை சரியில்லைன்னுட்டாரு. அந்தப் பாட்டை வேற ஒருத்தரு பாடினாரு, வழக்கம்போலத் தப்புத் தப்பா. கதை இல்லாததை யாரும் கவனிக்கல.

அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலையில நான் சேலை மாத்திட்டு வெளிய வந்தேன். புதுத் தமிழ்ப் படம் ஒண்ணு, எதிர் வீட்டு அம்மா வாசல் கேட்டுக்கிட்ட நின்னு ஆட்டோவைக் கூப்பிட்டுட்டு இருந்தாங்க. எங்க வீட்டுக்காரரு குளிச்சு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, கையில கைக்குட்டையோட ஹால்ல நின்னுட்டு இருந்தாரு. இந்த வயசுல அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"நானும் வரட்டுமா?" அப்படின்னாரு.

"வேண்டாங்க" அப்படின்னேன். "நீங்க வந்தீங்கன்னே பின்னாடி எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன்."